அப்பாவின் பழைய பிக்கப்பை எதுவரை பிரிப்பது?

கோவையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா 1991-ல் வாங்கிய மகிந்திரா பிக்கப், பியூஜோ டீசல் எஞ்சின், இடுக்கிப் பதிவு. வண்டன்மேட்டில் இருந்த ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்கிய வண்டி. தோட்டத்தை விற்றபின் தேனி மாவட்டக் கம்பத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எட்டு வருஷமாக நிற்கிறது. ஒரு மெக்கானிக், பாடியைத் தூக்கி வைத்துவிட்டு நட்டு போல்ட்டு வரை புதிதாக்கலாம் என்கிறார். இன்னொருவர், எஞ்சினையே மாற்றி, பவர் ஸ்டியரிங் வைத்து, அகல டயர் போடலாம் என்கிறார். மச்சான், காயலான் கடைக்குத் தள்ளிவிடு என்கிறார். சனி ஞாயிறு ஊருக்கு வரும்போது சுருளிப்பட்டிப் பக்கம் இருக்கும் கொடிக்காலிலிருந்து திராட்சைக் கூடையும் தேங்காயும் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் தேவை என்கிறார் தம்பி. எதுவரை போகலாம் என்பது கேள்வி.

படித்துப் பார்த்தால் மூன்று யோசனையில் எது சரி என்று அவர் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வேலையை ஆரம்பித்துவிட்டால் எந்த இடத்தில் நிறுத்துவது, நிறுத்தும்போது அப்பாவின் வண்டி என்று சொல்லிக்கொள்ள அதில் ஏதாவது மிஞ்சியிருக்குமா, இதுதான் உள்ளே இருக்கும் பயம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். ஒருமுறை செய்தால் திரும்ப மாற்ற முடியாத வேலைகளில் அவசரமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடிய வேலைகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். பாடியைத் தூக்குவதா வேண்டாமா என்பதை, அடிச்சட்டமான சேஸிஸைத் தட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, பிரேக்கும் ஸ்டியரிங்கும் சுத்தமாகச் செய்து, தொட்டித் தகரத்தை மாற்றி, ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள். என் கணக்கில் உங்கள் வண்டிக்கு நிறுத்தவேண்டிய இடம் அதுதான்.

நான் இந்தப் பள்ளத்தாக்கில் பல வருஷமாக ஜீப் வேலை பார்ப்பவன். விடியற்காலையில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டும் குமுளியும் ஏறும் வண்டிகள்தான் எனக்குச் சோறு போட்டவை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக் இவற்றில் தைரியமாகப் பேசுவேன். டிங்கரிங் ஓரளவு தெரியும். பெயிண்ட் என் கை இல்லை. அதனால் அதில் நான் சொல்வதை, நல்ல பெயிண்டர் ஒருவர் மறுத்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் வண்டியையும் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் போட்ட படங்களில் முன்கிரில், வெளுத்த கதவு, ஓட்டை விழுந்த தொட்டித் தகரம் தெரிகின்றன. அடிப்பக்கம் ஒரு படம்கூட இல்லை. எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள், வண்டியின் ஆயுசு இருப்பதோ அடியில்.

வேலைக்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். யாரும் இதிலிருந்து ஆரம்பிப்பதில்லை. சேஸிஸை மழமழவென்று ஆக்கி, பெயிண்ட் அடித்து, வீட்டு வாசலில் மாலை போட்டு நிறுத்தியபின்தான் ஆர்.சி. எங்கே என்று பெட்டியைத் திறப்பார்கள். உங்களுடையது சரக்கு வண்டி. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும், எட்டு வருஷமாக நின்றால் அது எப்போதோ காலாவதி. 15 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு பல மடங்கு கூட்டியது, அதற்குப் பிறகும் மாற்றியிருக்கிறார்கள். அதனால் போன வருஷம் யாரோ கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அரசின் பரிவாகன் தளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். கேரளப் பதிவு என்பதால் இன்னொரு விஷயம்: வண்டி ஓடவில்லை என்று அப்பா அப்போதே ஜி ஃபார்ம் கொடுத்திருந்தால் அந்தக் காலத்துக்கு வரி விலக்குக் கேட்க வழி இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் வரி பாக்கி ஏறிக்கொண்டே வந்திருக்கும். கேரள அரசு அவ்வப்போது பழைய பாக்கியை ஒரே தவணையில் குறைத்துத் தீர்க்கும் திட்டம் அறிவிக்கும், அது நடப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பாக்கி தீர்ந்தபின் அங்கிருந்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்கி இங்கே பதிவை மாற்றுங்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு சொல்கிறது. எல்லை ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அது பரவாயில்லாமல் போய்விடும், நின்ற வண்டியை மறுபடி எழுப்பும்போது அங்கேதான் இடிக்கும். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்றால் பெயர் மாற்றத்தையும் இத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஆர்.சி.யில் மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் சரக்குக்குத் தனியாகப் பர்மிட் தேவையில்லை, அந்த ஒரு தலைவலி உங்களுக்கு இருக்காது.

டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான், அப்புறம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று உங்கள் மச்சான் சொன்னாராமே, அது தில்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் பற்றிய உத்தரவு. இந்த மாதிரி பிக்கப்பைத் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ வயதை மட்டும் காட்டித் தள்ளுவதில்லை, எஃப்.சி. சோதனையில் தேறுகிறதா என்பதுதான் பேச்சு. அதேபோல இதை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாமே என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அதாவது உங்கள் வண்டிக்கு 2041. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் முதலில் வந்தபடி இருக்கவேண்டும் என்றும் அந்த விதி கேட்கிறது. அப்படி ஒரு ஆசை ஓரத்தில் இருந்தால் இன்றைக்கு நீங்கள் எதை வெட்டி எறிகிறீர்கள் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

சரி, சேஸிஸுக்கு வருவோம். இந்த வண்டிகளின் சேஸிஸ் ஏணி மாதிரி இரண்டு நீள இரும்பும் குறுக்குச் சட்டங்களும். மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் சேற்றில் ஓடிய வண்டியில் துரு எங்கே உட்காரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். பின்பட்டை ஸ்பிரிங் மாட்டும் ஹேங்கருக்கு மேலே, பின்சக்கரம் சேறு வாரி அடிக்கும் இடம், அப்புறம் தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் மரக்கட்டைக்கு அடியில். அந்தக் கட்டையைத்தான் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தொட்டி போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி கொடுத்து நான்கு விரல் தூக்கினால் போதும், கட்டை கையோடு வரும். உங்கள் வண்டியில் அது மக்கிப் பொடியாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். அதன் அடியில் இரும்பு அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். உரிவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கம்பி பிரஷ் போட்டுச் சுத்தமாக்கி, கூர்மூக்குச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். போன இரும்பு சத்தமே போடாது, சுத்தியல் மூக்கு பள்ளம் விழுந்து நிற்கும். மேலாக உரிந்து உள்ளே கணீரென்றால் ரெட் ஆக்சைடோ எபாக்சி பிரைமரோ அடித்துப் புதுக்கட்டை வைத்துத் தொட்டியை இறக்கிவிடலாம். ஒரு கையகலம் போயிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத் தகட்டில் ஒட்டுப்போடலாம். அதையும் சும்மா மேலே ஒரு தகட்டை வைத்து வெல்டு அடித்து மூடக்கூடாது, இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்று முன்னைவிட வேகமாகத் தின்னும். ஹேங்கர் பக்கம் இரண்டு நீள இரும்புமே போயிருந்தால் மட்டும்தான் உங்கள் முதல் மெக்கானிக் சொன்னது சரி, பாடியைத் தூக்கத்தான் வேண்டும். கம்பத்தில் கொட்டகைக்குள் நின்ற வண்டி அந்த அளவுக்குப் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் தட்டிப் பார்க்காமல் சத்தியம் பண்ண மாட்டேன்.

எது செய்தாலும் சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். மணல் பீய்ச்சித் துருவெடுக்கும் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்து நம்பர் மங்கிப்போன வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாரும் அனுதாபம் காட்ட மாட்டார்கள்.

எஞ்சின் விஷயத்தில் பலரும் செய்வது, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை அமுக்குவது. அதைச் செய்யாதீர்கள். எண்பதுகளில் மகிந்திரா ஜீப்புகளில் வந்த இந்த பியூஜோ எஞ்சின் 2112 சி.சி., நாலு சிலிண்டர். லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் குழாயைச் சுற்றி நேராகத் தண்ணீர் ஓடும் அமைப்பு. வருஷக்கணக்கில் நின்றால் லைனருக்கு அடியில் இருக்கும் ரப்பர் காய்ந்து, தண்ணீர் சம்ப்புக்குள், அதாவது எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தட்டுக்குள், இறங்க இடமுண்டு. முதலில் சம்ப் போல்ட்டை மெதுவாக ஒவ்வொரு மரையாகத் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், அடியில்தான் கிடக்கும், முதலில் அதுதான் வரும். கருப்பாக ஆயில் மட்டும் வந்தால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தண்ணீரோ மோர் மாதிரி வெளுப்போ வந்தால் எஞ்சினைப் பிரிக்காமல் வேலை நடக்காது. வரவில்லை என்றால் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி எஞ்சின் கையில் கிடைத்த மாதிரி. டேங்கைக் கழற்றிக் கழுவாமல் பழைய டீசலை விடவே விடாதீர்கள், அடியில் துருப்பொடியும் பாசியும் சேர்ந்து நிற்கும். பம்ப்பை டீசல் பம்ப் கடையில் கொடுத்துக் காலிபிரேஷன் பார்த்துவிடுங்கள், நாசிலையும் சேர்த்து. ஹீட்டர் பிளக் நாலும் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும், இது நேரடியாகச் சிலிண்டரில் டீசல் அடிக்கும் எஞ்சின் இல்லை, காலைக் குளிரில் பிளக் இல்லாமல் எழுந்திருக்காது. ஒயரிங்கை எலி கடித்திருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். மெயின் ஒயரை முழுக்கப் புதிதாக இழுங்கள், ஃபியூஸ் வைத்து. பழைய ஒயரில் டேப் சுற்றி ஒட்டுப்போட்டால் நிற்கும் வண்டியே எரியும்.

ஓட ஆரம்பித்தபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகப் புகைந்தால் வயசான எஞ்சின், அவ்வளவுதான். சனி ஞாயிறு திராட்சைக் கூடைக்கு அது இன்னும் பல வருஷம் ஓடும். குபுகுபுவென்று தள்ளினால் லைனர், பிஸ்டன், ரிங் செட் போட வேண்டும், அவை இன்றைக்கும் கிடைக்கின்றன. எங்கள் ஊரில் இல்லாவிட்டால் மதுரை, கோவை, கடைசியில் சென்னை புதுப்பேட்டை. கிராங்க் மட்டும் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை தேய்த்து அண்டர்சைஸ் போட்டதை மெருகேற்றித் தள்ளிவிடுவார்கள், லேத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எஞ்சினை மாற்றலாம் என்ற இரண்டாவது மெக்கானிக்கின் யோசனைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் சொல்வதில் தொழில் நியாயம் இருக்கிறது: புது மாடல் எஞ்சினுக்கு ஸ்பேர் எங்கும் கிடைக்கும், இழுவையும் கூடும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் எழுதியிருப்பது மாறும் அளவுக்கு வண்டியைத் திருத்தக்கூடாது, எஞ்சின் மாற்றவும் முன்கூட்டி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று தீர்ப்பும் வந்துவிட்டது. கேரள மோட்டார் வாகனத் துறை இதில் எவ்வளவு கறார் என்று மெட்டு ஏறும் எல்லாருக்கும் தெரியும். அகல டயரும் அதே கதைதான். பார்க்க முறுக்காக இருக்கும், ஆனால் முன்சக்கரம் திரும்பும் கிங் பின், வீல் பேரிங், ஸ்டியரிங் பாக்ஸ் மூன்றையும் தின்னும். தின்றபின் ஸ்டியரிங் கனக்கிறது என்று பவர் ஸ்டியரிங் தேடுவீர்கள். கம்பெனி கொடுத்த அளவு டயரில், கிங் பின்னும் டை ராடு எண்டும் சரியாக இருந்தால் இந்த வண்டி ஸ்டியரிங் ஒன்றும் மலை தூக்கும் வேலை இல்லை. அப்பா முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கையால் திருப்பியிருப்பார்.

பணத்தை எங்கே கொட்ட வேண்டும் என்று கேட்டால், பிரேக்கில். நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய், லைனிங் எல்லாம் புதிது. பழைய சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சிலிண்டர் உள்ளே துருப்புள்ளி விழுந்திருந்தால் அந்த ரப்பர் ஒரு சீசன் தாங்காது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், எட்டு வருஷ ஆயில் குழாயை உள்ளிருந்தே அரித்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் பாருங்கள், அளவு தாண்டித் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். டயர் பட்டன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நின்ற இடத்திலேயே நின்ற டயர் என்பதால் எண் என்னவாக இருந்தாலும் நான் மாற்றச் சொல்வேன். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

இனி மேல்பூச்சு. இங்கேதான் மனிதர்கள் பைத்தியமாவார்கள். ஒரு சரக்கு வண்டியில் சில பாகங்கள் தேய்வதற்கென்றே இருப்பவை: தொட்டியின் தரைத் தகரம், சீட் ரெக்சின், கிளச் பிளேட், கதவு ரப்பர், தார்ப்பாய். உங்கள் அப்பா காலத்திலேயே தொட்டித் தகரம் மாறியிருக்கும். இவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள், வண்டியின் அடையாளம் கொஞ்சமும் குறையாது. கிரில், பானெட், டேஷ்போர்டு, கதவுகள், எஞ்சின், நம்பர் பொறித்த சேஸிஸ் இவையெல்லாம் வேறு ஜாதி. கதவு அடியில் ஓட்டை என்பதற்காகப் புதுப்பேட்டையிலிருந்து வேறு கதவு வாங்கி மாட்டுவதைவிட, அடி ஆறங்குலத்தை மட்டும் வெட்டி அதே கேஜ் தகட்டில் சேர்க்கத் தெரிந்த டிங்கரைத் தேடுங்கள். ஒரு காந்தத்தை எடுத்துக் கதவு முழுக்க ஓட்டிப் பாருங்கள், காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிய பசை. அந்த இடத்துக்குத்தான் வேலை, மற்ற இடத்தைச் சும்மா விடலாம்.

இடதுபக்கக் கதவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வெளுத்த நீலம், ஓரத்தில் உரிந்த இடத்தில் அடியில் பச்சை, அந்தப் பச்சையில் வெள்ளை எழுத்தின் கால் ஒன்று தெரிகிறது. எஸ்டேட் பெயர் எழுதியிருந்திருக்கலாம், அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டக்காரர்களும் கதவில் எழுதிவைப்பார்கள். பாடியைத் தூக்கிப் பிளாஸ்டிங் அடித்தால் முதல் நிமிஷத்தில் போவது அந்த எழுத்துதான், மெல்லிய தகரம் நெளிவது தனி. ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் நீலத்தை மெல்லத் தேயுங்கள். பச்சை வர ஆரம்பித்தால் பேப்பரை இன்னும் நைஸாக மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்து முழுசாக வருமா, பாதியோடு போகுமா என்று என்னால் சொல்ல முடியாது, இரண்டையும் பார்த்திருக்கிறேன். வந்தால் பாலிஷ் போட்டு அப்படியே விட்டுவிடலாம். ஒரு விஷயம்: ஆர்.சி.யில் நிறமும் எழுதியிருக்கும். அதில் நீலமா பச்சையா என்று பார்த்துவிட்டுத்தான் முழு வண்டியையும் எந்த நிறத்துக்குக் கொண்டுபோவது என்று யோசியுங்கள், மாற்றினால் அதையும் பதிவு செய்ய வேண்டும்.

பாடியைத் தூக்கி முழுசாகச் செய்யும் வேலையை நான் கேவலமாகப் பேசவில்லை. செய்து முடித்த வண்டியைப் பார்த்தால் கண் கூசும். ஆனால் முடிப்பவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்து பாதியில் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் நின்றன: சேஸிஸ் ஒரு பட்டறையில், பாடி டிங்கரிடம், எஞ்சின் லேத்தில், போல்ட்டுகள் ஒரு பெயிண்ட் டப்பாவில். மெக்கானிக் கல்யாணம், டிங்கருக்கு வேறு வேலை, ஏல விலை இறங்கி முதலாளி கையில் பணம் இல்லை, ஏதாவது ஒன்று. அப்படி நின்ற வண்டி, கொட்டகையில் முழுசாக நின்ற வண்டியைவிட மோசம், ஏனென்றால் காயலான் கடைக்காரர்கூட முழு வண்டி விலை கொடுக்க மாட்டார். நீங்களோ வாரக் கடைசியில் மட்டும் வருபவர், பக்கத்தில் நின்று வேலை வாங்க முடியாது. அதனால்தான் வண்டி எப்போதும் சக்கரத்தில் நிற்கிற மாதிரி, ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிரேக் முடியும்வரை எஞ்சினைப் பிரிக்காதீர்கள், எஞ்சின் ஓடும்வரை சீட்டைக் கழற்றாதீர்கள். கழற்றும் எதையும் போனில் படம் எடுத்து, போல்ட்டுகளைப் பையில் போட்டு எழுதிவையுங்கள்.

செலவு பற்றி ஒரு எண் கேட்டிருக்கிறீர்கள். பார்க்காத வண்டிக்கு எண் சொல்பவரை நம்பக்கூடாது, என்னையும் சேர்த்து. ஆனால் ஒரு பழக்கம் சொல்கிறேன்: மெக்கானிக் சொல்லும் தொகையோடு அதில் பாதியைச் சேர்த்துக் கையில் இருந்தால் ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் வேலையைச் சுருக்குங்கள். டிங்கரிங்குக்கு மொத்தக் கூலி பேசுங்கள், நாள் கூலி பேசினால் அது முடியாது. முடித்தபின் விற்றால் போட்டது வருமா என்றால், பெரும்பாலும் வராது. ஜீப்புக்குக் கொடுக்கிற விலையைப் பழைய பிக்கப்புக்கு யாரும் கொடுப்பதில்லை. விற்கும் எண்ணம் இருந்தால் உங்கள் மச்சான் சொல்வதில் கணக்கு இருக்கிறது, பதிவு பெற்ற அழிப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால் புது வண்டி வரியில் சலுகைக்கு அதைக் காட்டலாம். ஆனால் ஆர்.சி.யை ரத்து செய்யாமல் காயலான் கடைக்குத் தள்ளாதீர்கள், வரி பாக்கியும் வண்டியின் பெயரில் நடக்கும் வில்லங்கமும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் ஊரில் நாலு பேர், காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகலாமே, டீசல் காசு வந்துவிடுமே என்பார்கள். தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம், கொண்டை ஊசியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும், அந்தக் குடும்பங்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வாரம் ஊருக்கு வந்தால் மூன்று படம் எடுத்துப் போடுங்கள்: மரக்கட்டையை எடுத்தபின் பின் ஹேங்கருக்கு மேலே சேஸிஸ் இரண்டு பக்கமும், சம்ப்பிலிருந்து முதலில் வந்தது ஒரு கண்ணாடி டம்ளரில், அப்புறம் ஆர்.சி.யில் நிறமும் மொத்த எடையும் எழுதிய பக்கம், பெயரையும் நம்பர்களையும் மறைத்துவிட்டு. அதைப் பார்த்தால் பாடியைத் தூக்கவேண்டியிருக்குமா என்று என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். பிரேக் வேலை முடியும்வரை தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்றுகூட எடுக்காதீர்கள், நகர்த்த வேண்டும் என்றால் கயிறு வேண்டாம், டிராக்டரில் பார் போட்டு இழுங்கள்.